சுழல்தட்டும் ஊசிமுனையும்

மாண்டது என்று யாவரும் கைகழுவிய பொருளொன்று மீண்டெழுந்து உலாவுதல் உலகில் அரிது. இசைத்தட்டு அங்ஙனம் மீண்ட பொருள்களுள் ஒன்று. 1982ஆம் ஆண்டிற் குறுந்தட்டு தோன்றியபோது, கருநிற வைனில் தட்டின் காலம் முடிந்ததென்றே வணிகர் கணித்தனர். அக்கணிப்பும் நெடுங்காலம் மெய்யாகவே நின்றது. பின்னர்க் காற்றுத் திசை மாறிற்று. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விற்ற வைனில் தட்டுக்களின் எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டுக்களின் எண்ணிக்கையை விஞ்சியது. தட்டு மீளவே அதனைச் சுழற்றும் பொறியும் மீண்டது. அப்பொறியை உலக வழக்கை ஒட்டி டர்ன்டேபிள் என்றே யாமும் வழங்குவோம். அதில் இசைத்தட்டைத் தாங்கிச் சுழலும் உறுப்பை மட்டும் சுழல்தட்டு என்போம். இக்காலத்து டர்ன்டேபிள்களுள் சில, ஒரு மாணவன் தன் ஒரு மாதச் சிற்றுண்டிச் செலவை மிச்சம் பிடித்து வாங்கத்தக்கன. சில, ஒரு மோட்டார் வண்டியின் விலையை எட்டுவன. இவ்விரு கரைகளுக்கும் நடுவே எங்கு நிற்பது என்பதே வினா.

இவ்வினா எமக்கு வெறும் ஏட்டு வினா அன்று. எம் விடுதியின் பொது அறைக்குப் பழைய மாணவராகிய பெரியவர் ஒருவர், தம் வாழ்நாளெல்லாம் தொகுத்த இசைத்தட்டுக்களை மனமுவந்து அளித்திருக்கின்றார். அவற்றுட் பெரும்பாலன வைனில் தட்டுக்கள். ஒரு பகுதி அவற்றிற்கும் முற்பட்ட அரக்குத் தட்டுக்கள். பொறி வாங்குதற்கென மாணவரும் பழைய மாணவரும் சிறுகச் சிறுகப் பொருள் திரட்டியுள்ளனர். அத்தொகை முழுவதையும் பெயர்பெற்ற உயர்தர டர்ன்டேபிள் ஒன்றிற்கே ஈந்துவிட வேண்டும் என்பர் நண்பருள் ஒருசாரார். கைப்பெட்டி வடிவில் வரும் மலிவான பொறியே போதும், எஞ்சிய பணத்திற்குப் பந்தும் மட்டையும் வாங்கலாம் என்பர் பிறிதொரு சாரார். இரு கூற்றும் எமக்கு உடன்பாடல்ல. என்னை? முன்னது பெரியவரின் தட்டுக்களுள் ஒரு பகுதியை ஊமையாக்கும். பின்னது எல்லாவற்றையும் மெல்ல மெல்லத் தேய்த்து அழிக்கும். இதனை விளக்குதலே எம் நோக்கம்.

முதற்கண் டர்ன்டேபிள் செய்யும் தொழில் யாதென ஆராய்வோம். வைனில் தட்டின் முகத்தில், ஏர் உழுத சால்போன்று ஒரே சால் வெளிவிளிம்பிற் றொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு சுருண்டு செல்கின்றது. இருபது நிமிடம் ஒலிக்கும் ஒரு பக்கத்தின் சாலை நீட்டி அளப்பின் ஏறத்தாழ 430 மீட்டர் வரும். அச்சாலின் இரு சுவர்களிலும் இசை நெளிவுகளாகப் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு சுவர் இடப்புற ஒலிக்கும் மற்றது வலப்புற ஒலிக்கும் உரியது. ஊசியின் வைரமுனை அந்நெளிவுகளால் அசைக்கப்படுகின்றது. அவ்வசைவு கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு கூட்டினுள் மின்னாக மாறுகின்றது. அம்மின்னின் அளவோ மிகமிகச் சிறிது. காந்தம் அசையும் வகையில் ஒரு வோல்ட்டை ஆயிரங் கூறிட்ட மூன்று முதல் ஐந்து கூறு. கம்பிச்சுருள் அசையும் வகையிற் பெரும்பாலும் அரைக்கூறுக்கும் குறைவு. இதனைப் பன்மடங்கு பெருக்கியே நாம் கேட்கின்றோம். ஆதலின் மோட்டாரின் நடுக்கமோ, பேரிங்கின் உராய்வோ, அறையில் நடப்பாரது காலடியோ அம்முனையைச் சிறிது தீண்டினும் அதுவும் இசையோடு கூடிப் பெருகிவிடும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை இவ்விடத்து நினைவு கூர்தல் தகும். மாதவி ஆடும் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளவு கூறிய இளங்கோவடிகள், தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு நிறுத்தப்பட்டதனையும் மறவாது கூறுகின்றார். அரங்கு ஆடுவதில்லை, தூண் பாடுவதில்லை, தம் நிழல் ஆட்டத்தின்மேல் விழாது நிற்றலே அவற்றின் கடன். டர்ன்டேபிளின் கடனும் அஃதே. சரியான வேகத்திற் சுழல வேண்டும், தன் ஓசையைச் சேர்க்காதிருத்தல் வேண்டும். இவ்விரண்டிற்கும் மேல் அது செய்யத்தக்கது யாதுமில்லை. "இனிய குரலுடைய டர்ன்டேபிள்" என விளம்பரக்காரர் எழுதக் காணுந்தோறும் எமக்கு நகையே வருகின்றது. குரலுடையது பாடகர், பொறி வாய்மூடி இருத்தலே நன்று.

வாய்மூடிச் சுழலுமாறு ஒரு தட்டை இயக்குதல் எங்ஙனம் என்பதில் அறிஞர் மூவகையாகப் பிரிந்தனர். இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்துக் காரார்டு நிறுவனத்தார் 1950களில் வெளியிட்ட 301 என்னும் பொறியில், மோட்டாருக்கும் சுழல்தட்டின் உள்விளிம்பிற்கும் இடையே ரப்பர்ச் சக்கரமொன்று அழுந்திச் சுழன்றது. அதன் வலிமை பெரிது. வானொலி நிலையத்தார் அதனை விரும்பி ஏற்றனர். ஆயினும் மோட்டாரின் நடுக்கம் அச்சக்கரத்தின் வழியே தட்டில் ஏற இடமிருந்தது. 1961இல் அமெரிக்க நாட்டு எட்கர் வில்ச்சர் என்பார் பிறிதொரு வழி கண்டார். சுழல்தட்டையும் ஊசிக்கையையும் ஒரே சட்டத்திற் பொருத்தி, அச்சட்டத்தை விற்சுருள்களில் தொங்கவிட்டு, மோட்டாரை வெளியே நிறுத்தி, மெல்லிய ரப்பர்ப் பட்டையால் தட்டைச் சுழற்றினார். புறத்தே எழும் அதிர்ச்சி விற்சுருளிலும், மோட்டாரின் நடுக்கம் பட்டையிலும் அடங்கிவிடும். ஜப்பான் நாட்டு மத்சுஷிதா நிறுவனத்தில் ஒபாத்தா என்னும் பொறியாளரும் அவர்தம் குழுவினரும் பட்டையையும் சக்கரத்தையும் ஒருங்கே நீக்கினர்; மெல்லச் சுழலும் மோட்டாரின் அச்சிலேயே தட்டை ஏற்றி, 1970இல் டெக்னிக்ஸ் எஸ்.பி.10 என்னும் பெயரால் வெளியிட்டனர். இன்று சந்தையில் உள்ள டர்ன்டேபிள்களெல்லாம் இம்மூவகையுள் ஏதேனும் ஒன்றன் வழித்தோன்றல்களே எனலாம்.

இவற்றுள் வில்ச்சரின் பொறியைப்பற்றி ஒன்று கூறாது அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அது நூறு டாலருக்கும் குறைந்த விலைக்கு விற்றது. விலையுயர்ந்த டர்ன்டேபிள்களுள் முதலில் வைத்து எண்ணப்படும் லின் நிறுவனத்து எல்.பி.12, அதே விற்சுருள் அமைப்பைத் தழுவியது. கிளாஸ்கோ நகரில் 1973இல் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஐவர் டீபன்பிரன், அக்காலத்தார் எண்ணத்தையே புரட்டிப் போட்டார். அதுகாறும் இசைப்பொறி வாங்குவோர் பணத்தின் பெரும்பகுதியை ஒலிபெருக்கிக்கே செலவிட்டனர். டர்ன்டேபிள் சுழன்றாற் போதும் என்றிருந்தனர். அவரோ, சாலிலிருந்து எடுக்கப்படாது போன இசையைப் பின்வரும் எவ்வுறுப்பும் மீட்டுத்தர இயலாது; ஆதலின் முதலுறுப்பிற்கே முதலிடம் தருக என்றார். இக்கொள்கை வாணிகத்திற்கு வாய்ப்பாக அமைந்ததென்பது வெள்ளிடை மலை. ஆயினும் அது பொய்யன்று. எம் நண்பருள் ஒருசாரார் பிடித்து நிற்பதும் இக்கொள்கையையே.

யாமும் அதனை மறுக்கவில்லை. அதனை இறுதிவரை கொண்டுசெல்லுக என்றே வேண்டுகின்றோம். முதலுறுப்பு எது? சாலைத் தொடுவது எதுவோ அஃதன்றோ முதலுறுப்பு? சாலைத் தொடுவது சுழல்தட்டன்று, வைரமுனையே. அம்முனையைச் சாலில் நேரே நிறுத்துவது கை. அவற்றிற்குப் பின்னரே சுழல்தட்டு எண்ணப்படும். பத்துக் கிலோ எடையுள்ள பளபளக்கும் உலோகத் தட்டிற்கு இலட்சங்களைக் கொட்டிவிட்டு, ஊசிக்கு மிஞ்சியதைத் தருவது, யானை வாங்கியவன் அங்குசத்திற்குப் பேரம் பேசுவது போலாம்.

இதனை எண்ணால் விளக்குதும். வேகத்தின் நேர்மையே சுழல்தட்டின் முதற்குணம் என்றோம். வேகம் கூடிக் குறைந்தால் சுருதி அசையும். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 வரிசைப் பொறிக்கு அதனைச் செய்வோர் கூறும் வேகப்பிழை நூற்றுக்கு 0.025 பங்கு. இஃது உலகிலேயே விலையுயர்ந்த பொறி அன்று; நடுத்தரத்துப் பொறி. இனி இசைத்தட்டைப் பார்ப்போம். அதன் நடுத்துளை சாலின் மையத்தினின்றும் அரை மில்லிமீட்டர் விலகியிருப்பதாகக் கொள்வோம். பழந்தட்டுக்களில் இது புதுமையன்று. ஊசிக்கை ஒவ்வொரு சுற்றிலும் இடமும் வலமுமாக ஊசலாடுவதைக் கண்ணாலேயே காணலாம். நடுவினின்றும் பத்துச் செண்டிமீட்டர் தொலைவிலுள்ள சாலில் அவ்விலகலால் எழும் வேகப்பிழை, நூற்றுக்கு அரைப்பங்கு கூடுதலும் அரைப்பங்கு குறைதலும் ஆகும். ஆறு செண்டிமீட்டர் தொலைவிலோ அது 0.8 பங்கிற்கும் மேற்படும். ஒரு சுரத்தானத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பங்கே என்பதனையும் இங்கு நினைக்க. நீண்டு நிற்கும் நாகசுர ஒலியிலோ பியானோ ஒலியிலோ இவ்வசைவு செவிக்குப் புலனாகிவிடும். அளக்கும் முறைகள் வேறுபடினும், துளையால் வரும் பிழை பொறியால் வரும் பிழையைப் பன்மடங்கு விஞ்சி நிற்கின்றது. நூற்றுக்கு 0.025 பங்கு பிழையை 0.01 ஆகக் குறைத்தற்கு இலட்சங்கள் ஈவோர், துளைப்பிழைக்கு யாது செய்வர்? பேரிங் எத்துணை நுண்ணியதாயினும் துளை நகர்ந்து கொடுப்பதில்லையே! இவ்வுண்மையை உணர்ந்து பொறி செய்தாரும் உளர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய நகமிச்சி நிறுவனத்தார் வெளியிட்ட டி.எக்ஸ்.1000, தட்டின் விலகலைத் தானே அளந்து சுழல்தட்டை அதற்கேற்ப நகர்த்தி மையப்படுத்தியது. வியத்தகு பொறி, விலையும் வியத்தகு விலை. அவ்வழியை ஏனையோர் பின்பற்றவில்லை. தட்டின் எடையைப் பெருக்குதல் எளிது; பார்வைக்கும் அழகு.

நிற்க. கையும் ஊசியும் பொருந்துமாறு உரைப்பாம். தொழிற்சாலையில் மூலத்தட்டைப் பொறிக்கும்போது வெட்டுமுனை விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நேர்கோட்டிற் செல்லும். நம் டர்ன்டேபிளின் கையோ ஒரு முனையில் நிலைபெற்று வில்வடிவாக நகர்வது. ஆகவே ஊசியின் திசையும் சாலின் திசையும் எவ்விடத்தும் ஒத்திருத்தல் இயலாது. கையின் தலையைச் சிறிது வளைத்து, முனை சுழல்தட்டின் நடுவைச் சிறிது கடந்து நீளுமாறு அமைப்பின், ஒரு பக்கத்தில் இரண்டு இடங்களிற் பிழை முற்றும் நீங்கும். ஏனைய இடங்களிற் சிறுபிழை எஞ்சும். இக்கணக்கை 1938இல் ஸ்வீடன் நாட்டு லோப்கிரென் என்பாரும், 1941இல் பேயர்வால்ட் என்பாரும் முறையே ஆராய்ந்து வெளியிட்டனர். வைனில் நெடுந்தட்டு 1948இற்றான் வந்தது. கணக்கோ அதற்கும் மூத்தது! இன்றும் அக்கணக்கின்படி கோடிட்ட அட்டை ஒன்றைச் சுழல்தட்டின்மேல் வைத்தே கார்ட்ரிட்ஜை நேர்ப்படுத்துகின்றனர். அவ்வட்டைக்கு ஆகும் செலவு ஒரு தாளும் சிறிது மையும்.

இந்நேர்மை ஏன் இத்துணை வேண்டற்பாலது? தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறையே சுழலினும், வெளிச்சாலில் ஊசி ஒரு வினாடியில் ஏறத்தாழ 51 செண்டிமீட்டர் செல்கின்றது. உட்சாலிலோ 21 செண்டிமீட்டரே. அதே இசை பாதிக்கும் குறைந்த இடத்தில் நெருக்கிப் பொறிக்கப்பட்டிருத்தலின், நெளிவுகள் நுண்ணியவாய் நெருங்கி நிற்கும். பாட்டு முடியுங்கால் குரல் கரகரப்பதும், 'ஸ' ஒலிகள் சீறுவதும் அங்கேதான். அக்கரகரப்பைப் போக்க வேண்டிச் சுழல்தட்டை மாற்றுவோர் உளர்; அட்டையை வைத்துக் கார்ட்ரிட்ஜைத் திருத்தினாற் பெரும்பாலும் போதும். இனி, கையின் எடையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சியும் தம்முள் ஒத்திருத்தலும் வேண்டும். இரண்டும் கூடியவிடத்து இயல்பாக எழும் அதிர்வு வினாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை அமைவது நன்று. அதனிற் குறைந்தால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்தில் ஊசி தத்தளிக்கும். மிகுந்தால் இசையின் அடித்தளத்தையே தொட்டுக் கலக்கும். விலையுயர்ந்த கையும் விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜும் ஒன்றற்கொன்று பொருந்தாமையால் வீணாதல் உண்டு.

இவ்வளவும் கேட்ட பின், மலிவான கைப்பெட்டிப் பொறியே நன்றென்பார் தம் கட்சி வென்றதாக மகிழ்வர் போலும். அவ்வாறன்று. யாம் அப்பொறியை வேறொரு காரணத்தால் வெறுக்கின்றோம். அதன் ஓசை மெலிந்திருப்பின் கேட்பார்க்கே இழப்பு, பொறுத்துக் கொள்ளலாம். தட்டிற்கு நேரும் இழப்போ மீளாதது. நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று ஏறத்தாழ இரண்டு கிராம் எடையாற் சாலை அழுத்துகின்றது. கைப்பெட்டிப் பொறிகளுள் சிலவற்றின் பீங்கான் வகைக் கார்ட்ரிட்ஜ் ஐந்து கிராமுக்கும் மேலாக அழுத்தும். அவ்வழுத்தத்தைக் குறைக்கப் பின்னெடையும் இல்லை. சரிபார்க்க வழியும் இல்லை. முனை வைரமாயிராது கெம்பு, நீலம் முதலிய செயற்கைக் கல்லாயிருத்தலும் உண்டு. அது விரைவில் தேய்ந்து உளிபோல் ஆகும். உளி சாலை வாசியாது, செதுக்கும். பெரியவர் ஐம்பதாண்டு தூசு படாது காத்த தட்டுக்களை ஓராண்டில் யாம் செதுக்கி முடிப்பின், அவர்க்கு என்ன விடை கூறுவோம்?

அரக்குத் தட்டுக்களைப்பற்றி இனிக் கூறுவாம். எம் வழக்கின் உயிர்நிலை இங்குள்ளது. 1948க்கு முன்னர் பதிவான தமிழ்க் குரல்களெல்லாம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் தட்டுக்களிலேயே வெளிவந்தன. 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பா நெடுந்தட்டைக் கண்டவரல்லர். இத்தகையோர் பாட்டுக்களுட் சில பிற்காலத்தில் வேறு வடிவங்களிற் படியெடுக்கப்பட்டன. எனினும் மூலம் அரக்கே. இவ்வரக்குத் தட்டின் சால் அகன்றது. வைனில் தட்டிற்குரிய உருண்டை முனையின் ஆரம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரங் கூறிட்ட 18 கூறு அளவினது. அரக்குத் தட்டிற்கு 75 கூறு அளவினது வேண்டும். சிறுமுனையை அகன்ற சாலில் இட்டால் அது சுவரைத் தொடாது அடியில் உருண்டு அழுக்கையே வாசிக்கும். எனவே வேகமும் வேறு, ஊசியும் வேறு. நண்பர்கள் விரும்பும் எல்.பி.12 முதலாய உயர்தரப் பொறிகளுட் பல, 33⅓, 45 என்னும் இரு வேகங்களுக்கே அமைந்தன. அவற்றைச் செய்தார்மேற் குற்றமில்லை. அவர்தம் நாட்டில் வாங்குவோர்க்கு வேண்டியது அவ்வளவே. நம் விடுதிக்கு அதனை வாங்கின், பெருந்தொகை ஈந்து கிட்டப்பாவின் வாயை அடைத்தோர் ஆவோம்.

உயர்தரப் பொறிக்குச் சார்பாகச் சொல்லத்தக்கன இல்லையோ எனின், உள. நல்ல பேரிங்கும் கனத்த தட்டும் உள்ள பொறியில், பாட்டிற்கு முன்னுள்ள வெறுஞ்சாலிலே ஒரு நிசப்தம் நிலவும். மெல்லிய தம்புரா ஒலி அந்நிசப்தத்திலிருந்து எழுவதைக் கேட்டார் அதனை மறவார். வேறுபாடே இல்லை என வாதிடுவோர், தம் செவியை நம்பாது தம் பணப்பையை நம்புவோர். இரண்டாவது, ஆயுள். காரார்டு 301 பொறிகள் எழுபதாண்டு கடந்தும் சுழல்கின்றன. இவ்வாதத்தை யாம் மதிக்கின்றோம். ஆயினும் நீண்ட ஆயுளுக்குக் காரணம் விலையன்று. உறுப்புக் கிடைத்தலும் பழுதுபார்ப்பார் கிடைத்தலுமே. ஒருவரே தம் பட்டறையிற் செய்து விற்கும் மிக உயர்ந்த பொறிகள் உள. அவர் தொழிலை விட்ட நாளில் அப்பொறி அனாதையாகும். எஸ்.எல்.1200இன் கதை இதற்கு மாறானது. 1972இல் இல்லத்துக் கூடத்திற்கென்றே வந்த அப்பொறியை, நடனக் கூடங்களில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து விளையாடும் இளைஞர் கைப்பற்றினர். அவ்வளவு முரட்டுக் கையாடலையும் தாங்கிப் பெயர்பெற்று, 2010இல் நிறுத்தப்பட்டு, வேண்டுவோர் பலராதலின் 2016இல் மீண்டும் வெளிவந்தது. விடுதிப் பொது அறையில் எத்தகைய கைகள் பொறியைத் தீண்டும் என்பதை அறிந்த யாம், நடனக் கூடத்தில் தேர்ச்சி பெற்ற பொறியையே நம்புகின்றோம்!

தம் சொந்தப் பொருளால் ஒருவர் விரும்பிய விலைக்கு வாங்குதலை யாம் குறைகூறோம். நுண்ணிய வேலைப்பாடுள்ள பொறியைக் கண்டு மகிழ்தலும் ஒரு நலமே. வீணையின் யாளிமுகம் ஒலிக்கு உதவாதாயினும் அதனைச் செதுக்கிய தச்சரை யார் பழிப்பர்? பொதுப்பணமாயின் நெறி வேறு.

வெளிநாட்டிலிருந்து பழம்பொறி தருவிக்க எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 60 அலைவுடையது. நம் நாட்டினது 50. பழைய பட்டைப் பொறிகளுட் பலவற்றின் மோட்டார் அவ்வலைவையே தாளமாகக் கொண்டு சுழல்வது. அமெரிக்கப் பொறியை இங்கு உறுப்பு மாற்றாது இயக்கின், 33⅓ சுற்று 28 சுற்றிற்கும் குறைந்துவிடும். பெண்குரல் ஆண்குரலாகத் தோன்றும். மின்னழுத்தத்தைத் திருத்தும் பெட்டி இதனைத் திருத்தாது. மேலும் விற்சுருள் அமைப்பு, நடந்தால் அதிரும் மரத்தளமுள்ள மேலைநாட்டு வீடுகளிற் பெரிதும் பயன்படுவது. எம் பொது அறையின் தளமோ கற்காரை. சுவரிற் பொருத்திய உறுதியான பலகை ஒன்று விற்சுருளின் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். தச்சருக்கு ஒருநாட் கூலி ஆகும்.

ஆகவே எம் கருத்து வருமாறு. மூன்று வேகமும் உடைய நேரியக்கப் பொறி ஒன்றை, டெக்னிக்ஸ் போன்று உறுப்புக் கிடைக்கும் நிறுவனத்ததாகத் தேர்ந்து வாங்குக. தலையைக் கழற்றி மாற்றத்தக்க கை அதற்கு இருத்தல் வேண்டும். ஒரு தலையில் வைனிலுக்குரிய ஊசியும் மற்றொன்றில் அரக்கிற்குரிய ஊசியும் நிலையாகப் பொருத்தி வைத்துக்கொண்டால், மாற்றுதல் அரை நிமிட வேலை. ஊசியின் அழுத்தத்தை அளக்கும் சிறு தராசும், தூசு துடைக்கும் தூரிகையும் உடன் வாங்குக. திரட்டிய தொகையிற் கணிசமான பகுதி இதன்பின்னும் எஞ்சும். அதனைப் பந்திற்கும் மட்டைக்கும் கொடாது, ஊசிக்கென்றே தனியே வைக்க.

ஏன் தனியே வைத்தல் வேண்டும் என்பார்க்கு ஒரு சிறு கணக்கு. வைரமுனையின் ஆயுள் அதன் வடிவிற்கேற்ப ஏறத்தாழ 300 மணி முதல் 1,000 மணி வரை எனச் செய்வோர் கூறுவர். பலரும் வாங்கும் நீள்வட்ட முனைக்கு 300 மணி எனக் கூறுவாரும் உளர். மூன்று பக்கம் ஒரு மணி. மாலைதோறும் மூன்று பக்கம் கேட்டால் ஓராண்டு முடியுமுன்னரே அம்முனை தேய்ந்துவிடும். தேய்ந்த முனையின் கீழ் எத்துணை உயர்ந்த சுழல்தட்டு சுழலினும் அது தட்டை அழிக்கும் பொறியே. எனவே பொறியின் அருகில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பக்கம் முடிந்தவுடனும் எந்த ஊசி, எத்தனையாவது பக்கம் என எழுதிவருதல் வேண்டும். 900 என்னும் எண் வந்தவுடன் முனையை உருப்பெருக்காடியின்கீழ் வைத்துப் பார்த்தல் வேண்டும். எம் விலங்கியற் பகுதியில் உருப்பெருக்காடி உண்டு, கேட்டால் தருவர். அக்குறிப்பேட்டைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதனை, பொறியின் பெயரை முடிவு செய்வதற்கு முன்னரே விடுதிக் கூட்டம் முடிவு செய்தல் நலம்.